போர் மனிதர்களை என்ன செய்கிறது: 1946இல் வந்த ஓர் அமெரிக்கப் படம் தரும் விடை

போரைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்திருக்க, போர் மனிதர்களை என்ன செய்கிறது என்பதை உண்மையாகக் காட்டும் ஒரே ஒரு படத்தைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள், ஏன் என்பது கேள்வி. வில்லியம் வைலர் இயக்கி 1946 நவம்பரில் வெளியான ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ என்பதே என் விடை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் போர்க்களக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஒரே ஊருக்குத் திரும்பும் மூன்று பேரின் கதை அது. கையெழுத்துப் போடுவது, வேலை தேடுவது, கடன் கேட்டு வங்கிக்குப் போவது, இரவில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு படுக்கப் போவது என்று, போருக்கு முன்னால் யாரும் யோசிக்காமலே செய்துவந்த காரியங்கள் ஒவ்வொன்றும் அவர்களுக்கு எப்படிக் கடினமாகிவிட்டன என்பதைத்தான் படம் முழுக்கக் காட்டுகிறது. குண்டும் இரத்தமும் காட்டும் படங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு போர் மனிதருக்குள் எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதை இதைப் போலச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

படம் பிறந்த விதத்திலேயே அதன் நேர்மைக்கான காரணம் இருக்கிறது. 1944 ஆகஸ்டில், போர் இன்னும் நடந்துகொண்டிருந்தபோதே, விடுப்பில் ஊர் திரும்பும் கடற்படைப் போர்வீரர்களைப் பற்றி ‘டைம்’ இதழில் ஒரு செய்தி வந்தது. வீட்டுக்குப் போகும் மகிழ்ச்சியோடு, அங்கே என்ன காத்திருக்கிறதோ என்ற கலக்கமும் அவர்களிடம் இருந்ததை அச்செய்தி சொன்னது. தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினின் மனைவி பிரான்சிஸ் அதைப் படித்துவிட்டு, இதில் ஒரு படம் இருக்கிறது என்று கணவரிடம் சொன்னார். கோல்ட்வின், போர்ச் செய்தியாளராக இருந்த மக்கின்லி கான்டரிடம் கதை எழுதச் சொல்ல, அவர் கவிதை வடிவில் ஒரு நாவலையே எழுதிக் கொடுத்தார். அதைத் திரைக்கதையாக மாற்றிய ராபர்ட் ஷெர்வுட், அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் போர்க்காலத்தில் உரைகள் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர்.

இயக்குநர் வைலரும் போரிலிருந்து திரும்பியவர்தான். ஜெர்மனியில் குண்டு வீசச் சென்ற பி-17 விமானங்களில் தானே ஏறிப் பறந்து ஆவணப்படம் எடுத்தவர் அவர். அவருடைய படப்பிடிப்புக் குழுவில் ஒருவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதில் இறந்துபோனார். 1945இல் இத்தாலியில் இன்னொரு ஆவணப்படத்துக்காகப் பறந்தபோது, விமானத்தின் இரைச்சலில் வைலரின் காது பழுதாகி, ஒரு காது நிரந்தரமாகவே கேட்காமல் போயிற்று. இந்தப் படத்தை இயக்கும்போது, ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் நடிகர்களின் வசனத்தைக் கேட்டார். ஆகவே ஊனத்தோடு வீடு திரும்பி, பழைய வேலையைப் பழையபடி செய்ய முடியுமா என்று அஞ்சுவது அவருக்குக் கேள்விப்பட்ட விஷயமாக இருக்கவில்லை. நடிகர்கள் சாதாரணக் கடைகளில் உடைகளை வாங்கி, படப்பிடிப்புக்கு முன்பே உடுத்திப் பழகிக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னதும், வீடுகளின் அரங்கங்களை வழக்கமான ஹாலிவுட் அளவுக்குப் பெரிதாக்காமல் உண்மையான வீட்டு அளவில் கட்டச் செய்ததும் இந்த அக்கறையிலிருந்து வந்தவைதான்.

கதை நடக்கும் பூன் சிட்டி கற்பனையான ஒரு நடுத்தர நகரம். அங்கே திரும்பும் மூவரும் ஒரு ராணுவ விமானத்தின் மூக்குப் பகுதியில் ஒன்றாக உட்கார்ந்து வரும்போதுதான் முதன்முதலில் அறிமுகமாகிறார்கள். ஆல் ஸ்டீபன்சன் போருக்கு முன் வங்கி அதிகாரி, போரில் காலாட்படை சார்ஜென்ட். பிரெட் டெர்ரி போருக்கு முன் மருந்துக்கடையில் சோடாவும் ஐஸ்கிரீமும் பரிமாறியவன், போரில் விமானப்படைக் கேப்டன். ஹோமர் பேரிஷ் கடற்படை மாலுமி. கப்பலின் அடித்தளத்தில் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவன், எதிரியை நேரில் கண்டதே இல்லை. கப்பல் எரிந்தபோது இரண்டு கைகளையும் இழந்தான். இந்த வரிசையைக் கவனித்துப் பாருங்கள். ஊரில் மேலே இருந்த வங்கிக்காரர் ராணுவத்தில் கீழே இருக்கிறார். ஊரில் கீழே இருந்தவன் ராணுவத்தில் அவருக்கு மேலே கேப்டனாக இருக்கிறான். டாக்சி ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் இறக்கிவிடும்போது இந்த வரிசை மறுபடியும் தலைகீழாகிறது. ஆல் இறங்குவது அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், பிரெட் இறங்குவது ரயில் பாதையை ஒட்டிய ஒரு குடிசையின் முன்னால்.

ஹோமரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஹெரால்டு ரஸ்ஸல் நடிகர் அல்லர். மாசசூசெட்ஸில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்த அவர், 1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அதே நாளில், அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பயிற்சி முகாமில் வெடிமருந்தைக் கையாண்டபோது அது கையிலேயே வெடித்து இரண்டு கைகளையும் இழந்தவர். கைகள் இருந்த இடத்தில் எஃகுக் கொக்கிகள் பொருத்தப்பட்டன. ஊனமுற்ற வீரர்களுக்காக ராணுவம் எடுத்த ஒரு குறும்படத்தில் அவரைப் பார்த்த வைலர், கான்டரின் நாவலில் நரம்புப் பாதிப்பால் உடல் கட்டுக்கடங்காமல் நடுங்குபவனாக இருந்த ஹோமரை, கைகளை இழந்தவனாக மாற்றி அவரையே நடிக்க வைத்தார். கோல்ட்வின் ரஸ்ஸலுக்கு நடிப்புப் பயிற்சி ஏற்பாடு செய்தது தெரிந்தவுடன் வைலர் அதை நிறுத்திவிட்டார். ரஸ்ஸலின் கூச்சமும் கள்ளமற்ற பேச்சும் கெட்டுப்போய்விடும் என்பது அவருடைய எண்ணம்.

தொடக்கக் காட்சியிலேயே, விமானத்துக்குப் பதிவு செய்யும் இடத்தில் ஹோமர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. கொக்கிகளைக் கண்ட அலுவலர், தானே எழுதித் தருவதாக முன்வருகிறார். ஹோமர் எனக்கு எழுதத் தெரியாது என்று நினைத்தீர்களா என்கிற தொனியில் சிரித்தபடி தானே எழுதுகிறான். தீக்குச்சி உரசுவதையும் சிகரெட் பற்றவைப்பதையும் வித்தை காட்டுபவனைப் போல மற்றவர்களுக்குச் செய்து காட்டுகிறான். முழங்கைகளாவது மிஞ்சினவே, அதுவும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்கிறான். கருவியைக் கையாள ராணுவம் அவனுக்கு நன்றாகத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறது. ஆனால் டாக்சி அவனுடைய வீட்டு வாசலில் நின்றதும் அவனுக்கு இறங்க மனம் வரவில்லை. அடுத்த வீட்டுப் பெண் வில்மா, அவனுக்கென்று காத்திருந்தவள், ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அவன் கைகள் பக்கவாட்டில் அசையாமல் தொங்குகின்றன. புறப்படும் நண்பர்களுக்கு விடைகொடுக்க அவன் ஒரு கொக்கியை உயர்த்தும்போது, அதைக் கண்ட தாயிடமிருந்து அடக்க முடியாமல் ஒரு விம்மல் வெளிப்படுகிறது. அன்பு மிகுந்த வீடுதான் அது, யாரும் தவறாக ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனாலும் எல்லோரும் கொக்கியைப் பார்ப்பதா பார்க்காமல் இருப்பதா என்று தவிக்கிறார்கள், அவன் அந்தத் தவிப்பைப் பார்த்துப் பார்த்துப் புழுங்குகிறான். தங்கையும் அவளுடைய தோழர்களும் கொட்டகையின் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும்போது, கொக்கி எப்படி வேலை செய்கிறதென்று பார்க்க வேண்டுமா என்று கத்தியபடி கண்ணாடியை உடைத்துக்கொண்டு இரண்டு கொக்கிகளையும் வெளியே நீட்டுகிறான்.

பிறகு ஓர் இரவில், தன்னை மறந்துவிடு என்று வில்மாவிடம் நேரடியாகச் சொல்ல முடியாமல், அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போய்த் தூங்கப் போவதற்கு முன் தான் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டுகிறான். தோளில் மாட்டிய வார்ப்பட்டையை உடலை அசைத்து அசைத்துக் கழற்றி, கொக்கிகளைக் கட்டிலில் போடுகிறான். இப்போது இந்தக் கதவு சாத்திக்கொண்டால்கூடத் தன்னால் திறக்க முடியாது, யாரையாவது கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும், அழுதே எல்லாவற்றையும் கேட்டு வாங்கும் கைக்குழந்தையின் நிலைதான் தனக்கும் என்கிறான். இதில் நடிப்பு என்று ஒன்றுமே கண்ணில் படுவதில்லை. கழற்றப்படும் வார்ப்பட்டையும் தெரியும் தழும்பும் ரஸ்ஸலுடையவை. வைலர் இசையையும் அண்மைக் காட்சிகளையும் அடக்கி வைத்து, ஒரு மனிதர் உடை மாற்றுவதற்கு ஆகும் நேரத்தை அப்படியே விட்டுவிடுகிறார். வில்மா நீண்ட ஆறுதல் வசனம் எதுவும் பேசுவதில்லை, அவனை விட்டுப் போகவே மாட்டேன் என்று மட்டும் சொல்கிறாள். அவனுடைய இரவுச் சட்டையின் பித்தானைப் போட்டுவிட்டு, போர்வையை இழுத்துவிடுகிறாள். போரின் விளைவு என்ற சொற்றொடருக்கு எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான பொருள் இந்தக் காட்சியில் இருக்கிறது.

பிரெட்டின் கதை பணத்தைப் பற்றியது, அதனாலேயே பல போர்ப் படங்கள் தொடாத கதை. விமானப்படையில் மாதம் 400 டாலருக்கு மேல் சம்பாதித்தவனுக்கு, வேலை தேடி அலைந்து சலித்த பிறகு கிடைப்பது அதே பழைய மருந்துக்கடை, வாரச் சம்பளம் 32.50 டாலர். கடையை இப்போது ஒரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. முன்பு அவனுக்கு உதவியாளனாக இருந்தவன் இப்போது அவனுக்கு மேலாளன். ஜெர்மனியின் மேல் பறந்து இலக்கைப் பார்த்துக் குண்டு போட்ட அனுபவம் இந்த ஊரில் எந்த வேலைக்கும் தகுதியாகக் கருதப்படுவதில்லை. போருக்குப் புறப்படும் முன் அவசரமாக மணந்துகொண்ட மனைவி மேரி, சீருடை அணிந்த கேப்டனை விரும்பியவள். சாதாரணக் கோட்டில் அவனைக் கண்டதும் அவள் முகம் வாடுகிறது. கையிருப்பு தீர்ந்ததும் உறவும் தீர்கிறது. இரவுகளில் எரியும் விமானத்திலிருந்து தப்பாத நண்பனின் பெயரைச் சொல்லிக் கத்தியபடி வியர்த்து விழிக்கிறான். இந்த நோய்க்கு இன்று வழங்கும் பெயர், அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (PTSD), அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது 1980இல்தான். மனம் சிதைந்த வீரர்களின் சிகிச்சையைப் பற்றி இயக்குநர் ஜான் ஹூஸ்டன் ராணுவத்துக்காக எடுத்த ஆவணப்படத்தை, வைலரின் படம் வந்த அதே 1946இல், ராணுவமே பொதுமக்கள் பார்க்க முடியாமல் தடுத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் முடக்கி வைத்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெரும் வணிகப் படம் இந்தக் கனவுகளை வெளிப்படையாகக் காட்டியது சிறிய செய்தி அன்று.

ஊரை விட்டே போய்விட முடிவு செய்த பிரெட், தன் பதக்கச் சான்றிதழ்களைக் குப்பையில் போட்டுவிடுமாறு சொல்லித் தந்தையிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிறான். அவன் போன பிறகு, குடிகாரரான அந்தத் தந்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான்றிதழை உரக்கப் படிக்கிறார். காயத்தில் இரத்தம் இழந்தும் குண்டு வீசும் கருவிக்கு ஊர்ந்து சென்று தன் விமான அணியை இலக்குக்கு வழிநடத்தினான் என்று ராணுவ நடையில் எழுதப்பட்ட வாசகங்கள், ரயில் பாதைக் குடிசையில், தட்டுத் தடுமாறும் ஒரு குரலில் ஒலிக்கின்றன. உடனே அடுத்த காட்சியில் பிரெட், கழித்துக் கட்டிய போர் விமானங்கள் வரிசை வரிசையாகக் கிடக்கும் மைதானத்தில் நடக்கிறான். கலிபோர்னியாவின் ஒன்டாரியோவில் உண்மையாகவே உடைப்பதற்காக நிறுத்தி வைத்திருந்த விமானங்களுக்கு நடுவே படமாக்கப்பட்ட காட்சி அது. எஞ்சின் பிடுங்கப்பட்ட ஒரு பி-17இன் மூக்குப் பகுதியில் தன் பழைய இடத்தில் அவன் போய் உட்கார, ஹியூகோ பிரீட்ஹோஃபரின் இசை எஞ்சின்கள் ஒவ்வொன்றாக முடுக்கப்படுவதைப் போல எழும்புகிறது. நின்ற இடத்திலேயே நிற்கும் விமானத்தை நோக்கிக் கேமரா நகரும் விதத்தில் அது பறக்கத் தொடங்கிவிட்டதோ என்று தோன்றுகிறது. கீழேயிருந்து ஒருவர் அதட்டும் குரலில்தான் அவன் மீள்கிறான். அவர் விமானங்களை உடைத்து வீடு கட்டும் பொருளாக்கும் பணியின் மேலாளர். பிரெட் அவரிடம் வேலை கேட்கிறான், கிடைக்கிறது. அவனை மீட்பது மருத்துவமும் காதலும் மட்டுமல்ல, ஒரு வேலையும்தான் என்று படம் சொல்வதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆலுக்கு வீடு இருக்கிறது, அன்பான மனைவி மில்லி இருக்கிறாள், பதவி உயர்வும் கிடைக்கிறது. ஆனாலும் அவர் வந்த இரவே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மதுக்கடைகளுக்குக் கிளம்பிவிடுகிறார். அவர் இல்லாத ஆண்டுகளில் வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு முன்னால் சும்மா உட்கார அவரால் முடியவில்லை. நினைவுப் பொருளாகக் கொண்டுவந்த ஜப்பானிய வாளை மகனிடம் கொடுக்கிறார். மகனோ ஹிரோஷிமாவில் கதிர்வீச்சால் மக்களுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பார்த்தீர்களா என்று கேட்கிறான். அவரிடம் பதில் இல்லை. வங்கியில், திரும்பிய வீரர்களுக்குக் கடன் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. 1944இல் நிறைவேறிய வீரர் நலச் சட்டப்படி அரசின் உத்தரவாதத்தோடு கடன் கேட்டு வரும் நோவாக் என்ற விவசாயியிடம் அடமானம் வைக்க எதுவும் இல்லை. அவருடைய கைகளையும் பேச்சையும் நம்பி ஆல் கடன் கொடுத்துவிட, மேலிடம் முகம் சுளிக்கிறது. பாராட்டு விருந்தில் ஆல் குடித்துக்கொண்டே எழுந்து, ஒரு குன்றைப் பிடிக்கச் சொன்ன மேஜரிடம், அடமானம் இல்லாமல் குன்று இல்லை என்று தான் மறுத்ததாகவும், அதனால் போரில் தோற்றதாகவும் ஒரு கதையைச் சொல்கிறார். அவர் எத்தனை கோப்பை குடித்தார் என்று மில்லி முள்கரண்டியால் மேஜை விரிப்பில் ஒவ்வொரு கோடாகக் கீறிக்கொண்டே இருக்கிறாள். பார்வையாளர்கள் அந்தக் கோடுகளைக் கண்டு சிரிக்கலாம். ஆனால் அவளுக்கு இனி வரப்போகும் ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதையும் அவையே சொல்கின்றன.

கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவு இல்லாமல் இந்தப் படத்தை நினைத்துப் பார்க்க முடியாது. அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே கூர்மையோடு தெரியும்படி அவர் அமைத்த காட்சிகளில், ஆல் வீட்டுக்குள் வரும் தருணம் ஒன்று. நீண்ட நடைக்கூடத்தின் ஒரு முனையில் அவரும் மறுமுனையில் மில்லியுமாக நிற்கும் அந்தக் காட்சியை வைலர் தன் மனைவியோடு நேர்ந்த சொந்தச் சந்திப்பை நினைத்து அமைத்தார். இன்னொன்று மதுக்கடையில். ஹோமர் கொக்கிகளால் பியானோ வாசிக்கிறான், ஆல் பக்கத்தில் நின்று ரசிப்பதாகக் காட்டிக்கொள்கிறார். காட்சியின் தொலைமூலையில், தொலைபேசிக் கூண்டுக்குள், ஆலின் மகள் பெக்கியோடு தொடங்கிய காதலை அவருடைய வற்புறுத்தலால் முறித்துக்கொள்ளப் பிரெட் பேசிக்கொண்டிருக்கிறான். அவன் குரல் நமக்குக் கேட்பதில்லை. ஒருவனுடைய வெற்றியையும் இன்னொருவனுடைய இழப்பையும் ஒரே சட்டகத்தில் வைத்துவிட்டு, எதைப் பார்ப்பதென்று நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் வைலரைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தக் காட்சியை விரிவாக ஆராய்ந்தார்.

குறைகளும் உண்டு. அமெரிக்கப் படையில் பணியாற்றிய கறுப்பின வீரர்களின் நிலை இதில் பேசப்படவே இல்லை. இதே வீரர் நலச் சட்டத்தின் கடனுதவி, குறிப்பாகத் தென் மாநிலங்களில், அவர்களில் பெரும்பாலோருக்கு எட்டாமலே போனது. நோவாக்குக்குக் கிடைத்த நம்பிக்கை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆண்களின் காயங்களை ஆற்றும் பொறுப்பைப் பெண்களின் பொறுமையின் மீதே படம் முழுவதுமாக ஏற்றுகிறது. மேரி ஒருத்திதான் பொறுக்க மறுக்கிறாள், படமும் அவளைப் புரிந்துகொள்ள முயலாமல் கெட்டவளாகவே நிறுத்திவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது குண்டு விழாத ஒரு நாட்டின் படம். மகன் ஹிரோஷிமாவைப் பற்றிக் கேட்ட கேள்வி அந்த ஒரு காட்சியோடு நின்றுவிடுகிறது. ஊரே எரிக்கப்பட்டவர்களின் பக்கத்தை அறிய, பெலாரஸில் நாஜிகள் மக்களோடு சேர்த்துக் கொளுத்திய கிராமங்களைப் பற்றி எலெம் கிளிமோவ் 1985இல் எடுத்த ‘கம் அண்ட் ஸீ’ போன்ற ஒரு படத்தையும் பார்க்கத்தான் வேண்டும். அது தாங்குவதற்குக் கடினமான படம் என்பதால் இதற்குப் பிறகு பார்ப்பது நல்லது.

பழைய படத்தை இன்று பார்க்கப் பொறுமை இருக்குமா என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். போரை மறக்க விரும்பிய 1946இன் மக்களும் இதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்தப் பத்தாண்டின் மாபெரும் வசூல் படங்களில் ஒன்றாக இது ஆயிற்று. சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட ஏழு ஆஸ்கர் விருதுகளும் கிடைத்தன. ரஸ்ஸல் போட்டியில் வெல்லமாட்டார் என்று எண்ணிய, ஆஸ்கர் வழங்கும் அகாதெமி, சக வீரர்களுக்கு நம்பிக்கையும் துணிவும் ஊட்டியதற்காக அவருக்குத் தனியாக ஒரு சிறப்பு விருதை அறிவித்தது. அதே இரவில் சிறந்த துணை நடிகர் விருதையும் அவரே வென்றார். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு ஆஸ்கர் பெற்றவர் வேறு யாரும் இல்லை. ஆனால் படம் வந்த மறு ஆண்டே, 1947இல், திரைத்துறையில் கம்யூனிஸ்டுகளைத் தேடி நாடாளுமன்றக் குழு விசாரணை தொடங்கியபோது, ஓராண்டுக்கு முன் எடுத்தது போல இந்தப் படத்தை இப்போது எடுக்கத் தன்னை விடமாட்டார்கள் என்று வைலர் வானொலியில் வெளிப்படையாகச் சொன்னார். வங்கியைக் கேள்வி கேட்ட படம், தவறானவர்களோடு போரிட்டுவிட்டோம் என்று கடையில் பேசுபவனை அடித்து வீழ்த்தும் படம் அவ்வளவு விரைவில் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது.

ரஸ்ஸல் அதன் பிறகு ஒன்றிரண்டு முறை தவிர நடிக்கவில்லை. போர் வீரர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார், ஊனமுற்றோருக்கு வேலைவாய்ப்புத் தேடித்தரும் அதிபரின் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். 1992இல், மனைவியின் மருத்துவச் செலவுக்காகத் தன் துணை நடிகர் விருதை 60,500 டாலருக்கு ஏலத்தில் விற்றார். அகாதெமி எதிர்ப்புத் தெரிவித்தும் அவர் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. தோழர்களின் பெயரால் தரப்பட்ட சிறப்பு விருதை மட்டும் அப்போது அவர் ஏலத்துக்குக் கொண்டுவரவில்லை.